எட்டுக் கணினி, ஒன்பது பதில்

ஒரு டீ ஆறுவதற்குள் அறுபத்தைந்தாயிரம் கதவுகளைத் தட்டி, எந்தக் கதவுக்குப் பின்னால் திருடன் மூச்சு விடுகிறான் என்று கண்டுபிடித்தவன் நான். உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. லப்பைக்குடிக்காட்டில் அன்றைக்கு அடித்த வெயிலில் நாய்க்குக் குரைக்கத் தெம்பில்லை என்பது வேறு விஷயம்.

நான் என்றால் நானும் சண்முகப்பிரியாவும். சரி, தட்டியவள் அவள். டீ குடித்தவன் நான்.

பிரியா பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். பையன்களுக்கு மார்க் போட்டது போதும் என்று வேலையை விட்டுவிட்டு, உரக்கடை மாடியில் ஓர் அறை பிடித்தாள். ஆஸ்பத்திரி, காலேஜ், கம்பெனி என்று யார் கூப்பிட்டாலும் போய், அங்கே கணினிகளைக் கோத்திருக்கும் வலைப்பின்னலில் எங்கே ஓட்டை, எந்தக் கதவு தாழ்ப்பாள் இல்லாமல் கிடக்கிறது என்று தணிக்கை செய்து சொல்வாள். நான் அமிர்தலிங்கம். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நான் தும்மினால், ஜெயங்கொண்டம் போகிற பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் வழியாகக் குதித்து, தா.பழூர் வரை ஓடி, அங்கே நின்று டிக்கெட் எடுப்பான். ஓய்வுக்குப் பிறகு தும்மலுக்கு மரியாதை இல்லாமல் போனதால் பிரியாவிடம் உதவியாளராகச் சேர்ந்தேன்.

இரண்டாயிரத்து நாலாம் வருடம், ஒரு புதன்கிழமை. ஆயிஷா பீவி கூப்பிட்டு அனுப்பியதால் அவளுடைய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஊரில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். போனில் பேசினால் காசு கற்பூரமாகக் கரையும் என்பதால், பெண்கள் இந்த சென்டருக்கு வந்து பலகை அடைப்புக்குள் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கணினி வழியாகக் கணவர்களோடு பேசுவார்கள். விசைப்பலகையின் இடுக்கெல்லாம் சமோசாத் தூள். பலகையின் அடியில் யாரோ ஒட்டிய சூயிங்கம். ஊர்க் காதுகளின் எண்ணெயெல்லாம் ஏறிய ஹெட்போன். அதைத் தொட்ட விரலை வேட்டியில் துடைத்தேன். பிறகு வேட்டியை எதில் துடைப்பது என்று யோசித்தேன்.

ஆனால் பிரியா என் கையில் கொடுத்த மூன்று தாள்களுக்கு முன்னால் அந்த ஹெட்போன் சந்தனக் கட்டை.

"படிச்சீங்களா சார்?"

"பாதி படிச்சேன். மீதிய என் வயிறு படிக்க விடல."

துபாயில் இருக்கும் ஹுமாயூன் என்பவனுக்கு யாரோ அனுப்ப, அவன் ஊருக்குத் திருப்பி அனுப்பிய ஈமெயில்கள் அவை. அவனும் அவன் மனைவி சமீராவும் இந்த சென்டரிலிருந்து அந்தரங்கமாகப் பேசியது அத்தனையும் அதில் இருந்தது. அவன் கேட்டது, அவள் சிணுங்கியது, அவன் கெஞ்சியது, எல்லாம். ஒவ்வொன்றின் கடைசியிலும் 'உன் மனைவியின் பக்கத்தில் இருந்தவன்' என்று கையெழுத்து. கொல்லிமலை வளைவில் முன்சீட்டுக்காரன் ஜன்னல் வழியாக வாந்தியெடுத்து, அது காற்றில் திரும்பிப் பின்சீட்டில் இருந்த என் இட்லிப் பொட்டலத்தில் விழுந்திருக்கிறது. ஓரத்து இட்லியைத் தள்ளிவிட்டு மற்றதைச் சாப்பிட்டவன் நான். இந்தத் தாளைப் பிடித்த கையால் அன்றைக்கு ஒரு பிஸ்கட்கூட எடுக்க முடியவில்லை.

சமீரா எதிரில் நின்றாள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. அழுது முடித்து, கோபத்துக்கு வந்து சேர்ந்த முகம்.

"உன் பக்கத்துல உக்காந்திருந்தது யாருன்னு கேட்டாருக்கா. யாருமில்லன்னேன். வச்சுட்டாரு. அதுக்கப்புறம் பேச்சே இல்ல. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு ஜமாத்துல பேசப் போறாங்களாம். தலாக்கு வரைக்கும் பேச்சு வந்துருச்சு."

"பேசாம என்ன பண்ணுவாங்க?" என்று ஒரு குரல் கனைத்தது.

ஹுமாயூனின் பெரியத்தா, அதாவது பெரியப்பா, அப்துல் சலாம். ஹுமாயூனுக்குத் தகப்பன் இல்லாததால் குடும்பத்துக்கு அவர்தான் தலை. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, இடுப்பில் அகலப் பச்சை பெல்ட், அதில் சாவிக்கொத்து, மேலே அத்தர். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு கனைப்பு. பஸ் கிளம்புவதற்கு முன்னால் டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

"நானும் அரபு நாட்டுல இருபது வருசம் அரிசி மூட்டைய எண்ணிக்கிட்டுக் கெடந்தவன்தான். ஒலகம் தெரியும். பக்கத்துல ஆள் உக்காராம ஒருத்தன் எப்படிம்மா கேட்டு எழுதுவான்? ஒயர்ல காத வச்சா கேப்பான்? அப்படி ஒண்ணு நடக்கவே நடக்காது."

பிரியா அவரைப் பார்க்கவில்லை. சமீராவைக் கேட்டாள். "பேசறப்ப ஹெட்போன் போட்டிருந்தீங்களா?"

"போடாம பேசினா ஊருக்கே கேக்கும்லக்கா."

"அப்ப பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருந்தா, அவனுக்கு நீங்க பேசினது மட்டுந்தான் கேக்கும். உங்க வீட்டுக்காரர் பேசினது ஹெட்போனுக்குள்ள போயிருக்கும். ஆனா இந்தத் தாள்ல அவர் பேசினதும் இருக்கு. வார்த்தை பிசகாம."

எனக்கு எழுந்து நின்று விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

"அவளே எவங்கிட்டயாவது சொல்லியிருப்பா" என்றார் சலாம்.

"புருசன் பேசினத வார்த்தை வார்த்தையா இன்னொருத்தன்கிட்ட ஒப்பிக்கறதுக்கு இது என்ன அண்ணே, பள்ளிக்கூடப் பாடமா?" என்றாள் ஆயிஷா பீவி. சமீராவுக்கு அவள் சாச்சி, சித்தி முறை. நான்கு வருடத்துக்கு முன் கணவன் இறந்த பிறகு இந்த சென்டரை வைத்துப் பிழைப்பவள். பழி சமீராவோடு நிற்காது, தன் கடைக்கும் பூட்டு விழும் என்று அவளுக்குத் தெரியும்.

"இன்னொண்ணு சமீரா" என்றாள் பிரியா. "நீங்க ரெண்டு பேரும் பேசினதுல, இந்தத் தாள்ல வராம விட்டுப் போனது ஏதாவது இருக்கா?"

சமீரா உதட்டைக் கடித்தாள். "ஒண்ணு இருக்குக்கா. இப்ப இங்க சொல்ல முடியாது."

"பாத்தீங்களா!" என்று சலாம் கனைத்தார்.

பிரியா பையைத் திறந்து மடிக்கணினியை எடுத்து, ஒரு சி.டி.யைப் போட்டாள். "ஆயிஷாக்கா, இது உங்க இடம், உங்க மெஷினு. நான் தட்டிப் பாக்கலாம்னு நீங்க வாயால சொல்லணும். சொல்லாம தட்டினா அது தணிக்கை இல்ல, திருட்டு."

"தட்டும்மா. இடிச்சாலும் சரி."

"இந்த சி.டி. என்ன வெலை?" என்று கேட்டான் அத்னான். சென்டரைப் பார்த்துக்கொள்கிற ஆள். தலைமுடியில் அவன் பூசியிருந்த ஜெல்லை வழித்தால் ஒரு பஸ்ஸுக்குக் கிரீஸ் போடலாம்.

"வெலையே இல்ல. எங்கெங்கயோ இருக்கறவங்க எழுதி, செய்முறையோட சேத்துப் பொதுவுல வச்சிருக்காங்க. யார் வேணும்னாலும் உள்ள தெறந்து பாக்கலாம்."

"அதாவது சமையல்கட்ட கண்ணாடி போட்டுக் கட்டின ஓட்டல்" என்று நான் விளக்கினேன். "கரண்டிய எங்க கழுவறான்னு நாமளே பாத்துட்டுச் சாப்பிடலாம்."

பிரியா மடிக்கணினியின் ஒயரை மூலையிலிருந்த ஹப்பில் செருகினாள். ஹப் என்பது எல்லாக் கணினிகளின் ஒயரும் வந்து சேருகிற ஒரு பெட்டி. அதன் குணம் டவுன் பஸ்ஸின் குணம். முன்சீட்டில் பேசுவது பின்சீட்டு வரை கேட்கும். உரியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டும். கணினிகளும் மரியாதையாக அப்படித்தான் நடந்துகொள்ளும். ஒருவன் வேண்டுமென்றே காதைத் தீட்டிக்கொண்டு உட்காராத வரை.

டீ வந்தது. ஒவ்வொரு கணினிக்கும் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் கதவுகள் உண்டாம். மென்பொருள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனது. நான் ஊதி ஊதிக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தபோது பிரியாவின் புருவம் ஏறியிருந்தது.

"இங்க எத்தனை மெஷினுக்கா?"

"எட்டும்மா."

"பதில் சொன்னது ஒன்பது."

நான் எழுந்து எண்ணினேன். எட்டுதான். மேசைக்கு அடியில் குனிந்தும் எண்ணினேன். இன்னும் கொஞ்சம் சூயிங்கம் கிடைத்ததே தவிர, ஒன்பதாவது கிடைக்கவில்லை.

"ஒன்பதாவது இந்த ரூம்ல இல்ல சார். ஆனா இந்த ஹப்புல மாட்டியிருக்கு. இருங்க, அது நல்ல புள்ளையான்னு பாப்போம். யாருக்கும் இல்லாத ஒரு விலாசம் போட்டுக் கடுதாசி அனுப்பறேன். ஒழுங்கான மெஷின் 'எனக்கில்ல'ன்னு விட்டுடும். ஊர்க் கடுதாசியெல்லாம் பிரிச்சுப் படிக்கற மெஷின் மட்டும் பழக்க தோஷத்துல அதையும் பிரிச்சு, பதிலும் போடும்."

எட்டும் சும்மா இருந்தன. ஒன்பதாவது பதில் போட்டது.

எனக்குப் புல்லரித்தது. என் தொழில்! கூட்டம் பிதுங்குகிற பஸ்ஸில் ஏறி, யாரையும் பார்க்காமல், "அந்த டிக்கெட் இல்லாத ஆளு எறங்குப்பா!" என்று சத்தம் போடுவேன். குற்றமுள்ள தலை ஒன்று தானாகத் திரும்பும். ஒருமுறை நான் போட்ட சத்தத்தில் கண்டக்டரே இறங்கிவிட்டார்.

"இன்னொரு வேடிக்கை" என்றாள் பிரியா. "ஒன்பதாவது மெஷின்கிட்ட மணி கேட்டேன். நம்ம மணி இப்ப நாலு. அது ஒன்றரைங்குது."

"பேட்டரி போயிருக்கும்."

"பேட்டரி போனா வருசமே மாறியிருக்கும் சார். இது நிமிசம் சுத்தமா ஓடுது. ரெண்டரை மணி நேரம் மட்டும் பின்னால."

"அது சவுதி மணிம்மா" என்றாள் ஆயிஷா பீவி, உப்பு குறைவு என்று சொல்வது போல. "துபாய்னா ஒன்றரை மணி நேரந்தான் பின்னால இருக்கும். இங்க எல்லா வூட்டுலயும் செவுத்துல ரெண்டு கடிகாரம் உண்டு. ஒண்ணு நம்ம மணி, இன்னொண்ணு அவங்க இருக்கற ஊரு மணி. அங்க தூங்கறாங்களா, வேலைல இருக்காங்களான்னு பாத்துக்கிட்டே இருப்போம்ல."

"அஸர் தொழுகைக்கு நேரமாச்சு" என்று கனைத்துவிட்டு சலாம் எழுந்து போனார்.

ஹப்பிலிருந்து ஒன்பதாவது ஒயரைப் பிடித்துக்கொண்டு நான் மாடி ஏறினேன். அங்கே கேபிள் டிவி ஒயர், போன் ஒயர், துணிக்கொடி எல்லாம் பின்னிக் கிடந்த இடியாப்பத்தில் என் ஒயர் கலந்து காணாமல் போனது. கீழே வந்து கையை விரித்தேன்.

"ஒயர விடுங்க சார். கடிகாரத்தப் புடிங்க. தெருவுல வீடு வீடாப் போயி மணி பாத்துட்டு வாங்க."

வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். அந்த ஊரில் ஒரு கெட்ட பழக்கம்: வந்தவனுக்கு டீ கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். தெருக்கோடியை அடைந்தபோது என் உடம்பில் ஓடியது ரத்தமில்லை, ஏலக்காய் டீ. நடந்தால் உள்ளே அலையடித்தது. கொசு ஒன்று என்னைக் கடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்பது போலப் பார்த்தது.

பஸ் நிறுத்தத்தில் பிரியாவிடம் அறிக்கை கொடுத்தேன். "எல்லா வூட்டுலயும் ரெண்டு கடிகாரம். அத்தனையும் துபாய் மணி. சவுதி மணி ஓடறது ஒரே ஒரு வூட்டுல. நம்ம கிரீஸ் தலையன் அத்னான் வூட்டுல! அவனோட அத்தா ரியாத்துல இருக்காராம். ஆளு சிக்கிட்டான் பிரியாம்மா."

"சலாம் பாய் வீடு?"

"அங்க ஒரே கடிகாரந்தான். நம்ம மணி. இருபது வருசம் அரபு நாட்டுல இருந்த மனுசன், ஊருக்கு வந்ததும் அந்த மணியத் தல முழுகிட்டாரு போல. ஆனா ஆணி மட்டும் ரெண்டு. சிக்கனக்காரரு, ஆணிய மொதல்ல வாங்கிப் போட்டுட்டாரு."

"ரெண்டாவது ஆணிக்குக் கீழ செவுரு எப்படி இருந்துச்சு?"

"செவுரு செவுரு மாதிரிதான் இருந்துச்சு. வட்டமா ஒரு எடத்துல மட்டும் பெயிண்ட்டு புதுசா... அத எதுக்குக் கேக்கற?"

அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, குன்னத்துக்காரர் ஒருவர் தூக்கி வந்த வெங்காய மூட்டைக்குக் காலை ஒதுக்கிக்கொண்டு, பெரம்பலூர் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை அவள் நடத்துகிற விதத்தில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான்.

மறுநாள் வியாழக்கிழமை வந்து பார்த்தபோது ஒன்பதாவது கணினி அதே இடத்தில் இருந்தது. மணி மட்டும் திருந்தியிருந்தது. சுத்தமான இந்திய நேரம்.

"நாம பஸ்ஸுல ஏறினதப் பாத்து, டிக்கெட் இல்லாதவன் எழுந்து முன்சீட்டுக்குப் போயிட்டான்" என்றேன்.

"அதேதான். மணி விசயம் எங்கெங்க பேசினோம்? இந்த ரூம்ல மட்டும்." பிரியா குரலைத் தாழ்த்தினாள். "இப்ப நான் சொல்றத மட்டும் செய்ங்க சார். எங்க போகணும்னு நீங்க யோசிக்க வேண்டாம். அத அவங்களே ஏற்பாடு பண்ணிடுவாங்க."

அப்படியே நடந்தது. சவுதிக் கடிகாரம் அத்னான் வீட்டில் ஓடுகிறது என்ற செய்தி ஊரைச் சுற்றியிருந்தது. யார் பரப்பினார்கள் என்று கேட்காதீர்கள். பதினாறு வீட்டில் டீ குடித்தவன் வாய் சும்மா இருக்குமா? மதியம் சாப்பாடு முடிந்ததும் அத்னானை விசாரிக்க அப்துல் சலாம் தன் வீட்டுக் கூடத்திலேயே ஆட்களைக் கூட்டினார். ஜமாத்துப் பெரியவர்கள் இரண்டு பேர், ஆயிஷா பீவி, உள்வாசலில் சமீரா, நடுவில் அத்னான். அவன் தலையில் ஜெல்லுக்குப் பதில் வியர்வை. பிரியா வரவில்லை. சென்டரில் இருந்தாள். என் வேலை: சட்டைப் பைக்குள் கையை விட்டு, செல்போனில் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பது. அவள் எடுக்க மாட்டாள். அது சைகை. நயா பைசா செலவில்லாத சைகை என்பதால் அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

"சவுதிக் கடிகாரம் உங்க வூட்டுலதான் ஓடுது" என்று கனைத்தார் சலாம். "கம்ப்யூட்டர் சென்டர்ல ஒக்காந்திருக்கறவனும் நீதான். சமீரா பக்கத்துல ஒக்காந்ததும் நீதான். இன்னிக்கு ஒத்துக்கிட்டியன்னா நாளைக்கு அசிங்கம் கொஞ்சம் கொறையும்."

"அல்லா மேல சத்தியமா இல்ல பாய்! எங்கத்தா அங்க இருக்காரு, கடிகாரம் தொங்குது. அதுக்காக..."

"இந்தக் காலத்துப் பசங்க!" என்று பெரியவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த முகத்தில் எத்தனை வருத்தம், எத்தனை கண்ணியம்!

பைக்குள் பொத்தானை அழுத்தினேன். ஒரு முறை மணி அடித்ததும் துண்டித்தேன்.

'டொய்ங்' என்றது எங்கேயோ.

எல்லோரும் அத்னானைப் பார்த்தார்கள். "என்ன எதுக்குப் பாக்கறீங்க? சத்தம் அந்த ரூம்லேர்ந்துல்ல வந்துச்சு!" என்று கூடத்துக்குப் பின்னாலிருந்த பூட்டிய அறையைக் காட்டினான்.

"பல்லி" என்றார் சலாம்.

"நல்ல பல்லி பாய்" என்றேன். "எங்க வூட்டுப் பல்லியெல்லாம் உச்சுக் கொட்டறதோட சரி. இது வெளிநாட்டுப் பல்லி போல."

மறுபடி அழுத்தினேன். 'டொய்ங்.'

"பிரிட்ஜ் சத்தம் அது. பழைய பிரிட்ஜ்."

"பிரிட்ஜு இந்தப் பக்கம்ல இருக்கு" என்றார் பெரியவர்களில் ஒருவர், தன் தோளை உரசிக்கொண்டிருந்த பிரிட்ஜைத் தட்டிக் காட்டி.

மூன்றாவது முறை அழுத்தினேன். 'டொய்ங்.' சலாம் கனைக்க மறந்து போனார்.

சமீரா உள்வாசலை விட்டு வந்தாள். நேராக அந்த அறையின் கதவருகில் போய் நின்று கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க மாமா."

"பொம்பளைங்க போற ரூம் இல்ல அது."

"நான் பேசினது மட்டும் உள்ள போகலாமா மாமா?"

பெரியவர்களில் மற்றவர், அதுவரை வாயே திறக்காதவர், "குடுங்க சலாம் பாய்" என்றார். ஆயிஷா பீவி காத்திருக்கவில்லை. அவர் பெல்ட்டிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கி, மூன்றாவது சாவியில் கதவைத் திறந்தாள்.

குற்றவாளியின் அறை என்றால் இருட்டும் ஒட்டடையுமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுத்தமான அறை. மெத்தை விரித்த கட்டில். முதுகுக்கு அண்டை கொடுத்த இரண்டு தலையணை. அதன் மேல் ஹெட்போன். கைக்கெட்டும் தூரத்தில் பிளாஸ்க்கில் டீ, தட்டில் உரித்த முந்திரிப் பருப்பு, கால் நீட்ட ஒரு முக்காலி. ஞாயிற்றுக்கிழமை ரேடியோ நாடகம் கேட்கிற மாதிரி அந்த மனிதர் படுத்துக்கொண்டு, தம்பி மகனும் அவன் மனைவியும் பேசுவதைக் கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டே முந்திரி தின்றிருக்கிறார். முந்திரியின் மேல் எனக்கு இருந்த நாற்பது வருடப் பிரியம் அந்த இடத்திலேயே செத்தது.

கட்டிலின் மேல் சுவர்க் கடிகாரம் ஒன்று குப்புறக் கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கணினித் திரையில் ஒரே செய்தி மூன்று கட்டமாக நின்றது. ஆங்கில எழுத்தில் தமிழ்: 'யாருங்க உள்ளே? டிக்கெட் எடுத்தாச்சா?' ஒவ்வொரு மிஸ்டு காலுக்கும் ஒன்றாக பிரியா சென்டரிலிருந்து அனுப்பியது. வாசகம் அடியேனுடையது.

பிரியா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"அத்னான் திருடனா இருந்தா மொத வேலையா அவன் வூட்டுக் கடிகாரத்தக் கழட்டியிருப்பான்" என்றாள் பெரியவர்களிடம். "மணி விசயத்த அவனும் கேட்டான். ஆனா அவன் வூட்டுல அது தொங்கிக்கிட்டே இருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலமே கடிகாரம் காணாமப் போனது இந்த வூட்டுலதான். ஆணிய மட்டும் புடுங்க நேரமில்ல. அரிசி மூட்டை எண்ணினதாச் சொன்னாரு. சவுதி மணியோட வந்த இந்த மெஷின்ல இருக்கறதையெல்லாம் பாத்தா, எண்ணினது மூட்டை இல்ல."

"சவுதில கம்ப்யூட்டர் ரூம்ல வேலைன்னு எங்க வூட்டுக்காரரு எப்பவோ சொன்னாரு" என்றாள் ஆயிஷா பீவி மெதுவாக. "இப்பத்தான் எல்லாம் புரியுது. சென்டருக்கு ஒயரிங் பண்ணப்ப, 'நீ பொம்பள, ஒனக்கென்ன தெரியும், நான் கூட நின்னு பாத்துக்கறேன்'னு நாள் முழுக்க நின்னாரு. நான் பிரியாணி பண்ணிப் போட்டேன்."

"குடும்ப மானத்துக்காகப் பண்ணேன்!" சலாமுக்குக் குரல் திரும்பி வந்திருந்தது. "சின்னஞ்சிறுசுங்க. என்ன பேசுதுங்க, ஏது பேசுதுங்கன்னு பெரியவன் பாக்க வேணாமா? நாலு பேருக்கு முன்னால..."

"அப்ப ஒண்ணு சொல்லுங்க மாமா" என்றாள் சமீரா. "மானத்துக்காகக் கேட்டவரு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதினவரு, நாங்க உங்கள மாதிரியே கனைச்சுக் காட்டிச் சிரிச்சத மட்டும் ஏன் எழுதல? தெனம் அஞ்சு நிமிசமாவது அதத்தானே பேசுவோம்? அவரு உங்க மாதிரி கனைப்பாரு, நான் உங்க மாதிரி 'நானும் அரபு நாட்டுல இருபது வருசம்'னு ஆரம்பிப்பேன். அதக் கேட்டுட்டுத்தானே எங்கள அத்து விடணும்னு கெளம்பினீங்க?"

பிரியா என்னைப் பார்த்தாள். தாளில் விட்டுப் போனது அதுதான். அத்னான் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு பயந்து வாயைப் பொத்திக்கொண்டான். பெரியவர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

சலாம் தொண்டையைச் செருமப் போனார். அறையில் இருந்த அத்தனை பேரும் அதற்காகக் காத்திருப்பது தெரிந்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார். ஒரு மனிதனிடமிருந்து அவன் கனைப்பைப் பிடுங்கிவிட்டால் பாக்கி எவ்வளவு கொஞ்சம்!

"இவங்க முன்னால நீங்க எதுவும் சொல்ல வேணாம்" என்றாள் சமீரா. "அவருகிட்டச் சொல்லுங்க." சுற்றிலும் பார்த்தாள். "யாராச்சும் ஒரு போன் குடுங்க."

மிஸ்டு கால் தவிர வேறெதற்கும் பயன்படாத என் போன், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு முழு அழைப்புக்குக் கடல் தாண்டியது. அதில் இருந்த காசு நான்கு நிமிடத்துக்கு வருமா என்று கணக்குப் போட்டேன். சமீரா எண்களை அழுத்தி, மணி போவதைக் கேட்டு, எதிர்முனையில் ஹுமாயூன் எடுத்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் போனைச் சலாமின் காதில் வைத்தாள். கையை எடுக்கவில்லை. அவரே பிடித்துக்கொள்ளட்டும் என்று விடவுமில்லை.

"ஹுமாயூனு... பெரியத்தா பேசறேன்."

அந்தப் பக்கம் என்ன கேட்டதோ, அவர் கண்கள் கட்டிலின் மேல் கிடந்த ஹெட்போனுக்குப் போய் வேகமாகத் திரும்பின.

"இல்லப்பா, சமீரா நல்லாத்தான் இருக்கா. எதிர்லதான் நிக்கிறா... நான் சொல்ல வந்தது... பக்கத்துல ஆள் உக்காராம நடக்கவே நடக்காதுன்னு சொல்லியிருந்தேன்ல..."

சமீரா போனை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.

"நடந்துச்சுப்பா. அவ பக்கத்துல யாருமில்ல. நாந்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."